மாவு வந்த லிஃப்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
அயனாவரத்து வீட்டை இடித்த அன்று
நான் அழவில்லை.
பதினாறு பேர், ஒரு குளியலறை.
வஞ்சிரம் வாங்கினால் நடுத்துண்டுகள்
எண்ணி ஆண்கள் தட்டுக்குப் போகும்.
கடைசிப் பந்தியில் ஓரகத்திகள் நாங்கள் நால்வர்
மீன்சட்டியில் சோற்றைக் கொட்டிப் பிரட்டி
ஒரே சட்டியில் கைவிட்டுத் தின்போம்.
அது ருசியாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

தனி அடுப்பு வேண்டுமென்று
முதலில் கேட்டவள் நான்தான்.
நள்ளிரவில், புருஷன் காதோடு.
விடிவதற்குள் வீடு முழுக்கத் தெரிந்திருந்தது.
அந்தச் சுவர்கள் அப்படி.

பிறகு பில்டர் வந்தார்.
பங்கு பிரித்த நாளில்
பித்தளை அண்டா பெரியவருக்கு,
தையல் மெஷின் எங்களுக்கு.
மாமனாரின் கடிகாரம்
யாருக்கும் வேண்டாம் என்றார்கள்,
மறுநாள் அதைக் காணோம்.
கிரைண்டரைத்தான் பிரிக்க முடியவில்லை,
நாலு பேர் காசு போட்டு வாங்கியது.
"கல் ஒருத்தருக்கு, குழவி ஒருத்தருக்கு"
சின்னக் கொழுந்தன் ஏகாம்பரம் சிரிக்காமல் சொன்னார்.
நாங்களும் சிரிக்கவில்லை.

இப்போது மாடிக்கு ஒரு குடும்பம்.
மீட்டர் நாலு, சிலிண்டர் நாலு, ரேஷன் கார்டு நாலு.
வாட்ஸ்அப் குழு ஒன்று. அதில்
'மோட்டார் போட்டாச்சு',
'மோட்டார நிறுத்துங்க'
தவிர வேறு பேச்சில்லை.
ஓர் அகத்தில் இருப்பவள் ஓரகத்தி.
அகம் நாலானபின் என்ன பெயரோ,
என் மகள் கோ-சிஸ்டர் என்கிறாள்.

கிரைண்டர் நாலாம் மாடியில், குணசுந்தரி அக்கா வீட்டில்.
சனிக்கிழமை ஆட்டுவார்.
அரிசி எங்களுடையது, உளுந்து எங்களுடையது,
கணக்கு சுத்தம்.
தூக்கில் ஊற்றி லிஃப்டில் வைத்து
இரண்டை அழுத்திவிடுவார்.
என் மாடியில் கதவு திறக்கும்.
ஆளில்லாத லிஃப்டில் தூக்கு மட்டும்
அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி நிற்கும்.
வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாதே,
கழுவி, இரண்டு எலுமிச்சம்பழம் போட்டு
நாலை அழுத்துவேன்.
முகம் பார்த்து மூன்று மாதம் இருக்கும்.
வசதியாகத்தான் இருந்தது.

கத்திரி வெயிலில் ஒரு சனிக்கிழமை
தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து
மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை,
யார் பாக்கி என்பது தனிக்கதை.
'உள்ள யாரு மாட்டிக்கிட்டது?'
'யாருமில்ல. மாவு.'

ராத்திரி பத்தரைக்குக் கரண்ட் வந்து
கதவு திறந்தபோது
மூடியைத் தள்ளிவிட்டு
பொங்கி, வழிந்து, தரையெல்லாம் பரவி
இன்னும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.
நான் போட்ட கூச்சலில்
எல்லா மாடியிலிருந்தும் படியிறங்கும் சத்தம்.
பழைய வேட்டி, முறம், வாளி.
பெரியவர் தணிகாசலம்,
அந்த வீட்டில் தின்ற தட்டைக்கூட எடுக்காதவர்,
லுங்கியை மடித்துக் கட்டி
மண்டிபோட்டு வழித்தெடுத்தார்.
படியில் உட்கார்ந்த அக்கா
"உப்பு போட்டேனா இல்லையான்னே ஞாபகமில்ல" என்றார்.
கடைக்குட்டி ஓரகத்தி தெய்வானை
லிஃப்ட் சுவரில் வழிந்ததை விரலால் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
"போட்டிருக்கீங்க."
அதற்கு ஏன் அப்படிச் சிரித்தோம்
என்று இப்போதும் புரியவில்லை.

மூன்று நாள் புளித்த வாடை.
'ஆளில்லாமல் பாத்திரம் அனுப்பக் கூடாது.
இப்படிக்கு, செயலாளர்'
ஏகாம்பரத்தின் கோணல் கையெழுத்தில் ஒரு தாள்.

அடுத்த சனிக்கிழமை
தூக்கோடு அக்காவே வந்தார்.
உள்ளே வாங்க என்றேன்.
வேலை கிடக்கு என்றார்.
லிஃப்ட் கதவை ஒரு காலால் மறித்துக்கொண்டு
மூட்டு வலி, முருங்கைக்காய் விலை,
மகன் போன் செய்யாத ஞாயிற்றுக்கிழமைகள்,
இருபது நிமிஷம் பேசினார்.
உள்ளேயும் வரவில்லை, போகவுமில்லை.
லிஃப்ட் கூவிக்கொண்டே இருந்தது.
கீழே யாரோ
பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள்.